மேஜைக்கு ஒரு பவர், ரோட்டுக்கு ஒரு பவர்

என் மேஜை இழுப்பறையில் ஒரு தையல் டேப் கிடக்கிறது. ரவிக்கை அளவெடுக்க வாங்கியதுதான், ஆனால் இரண்டு வருடமாக அதை நான் அதிகம் எடுப்பது என் கண்ணுக்கும் நான் பார்க்கும் பொருளுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க. கண்ணாடி போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதில் முதல் இருபது வருடம் இந்த ஒரு அளவை யாரும் என்னிடம் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடி என்றால் பலகையில் கடைசி வரி தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு இப்போது 44 வயது. திருச்சியில் இருக்கிறேன், வேலை புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது. வலது கண் மைனஸ் 1.75. இடது கண் மைனஸ் 1.50, அதோடு மைனஸ் 0.50 சிலிண்டர், ஆக்ஸிஸ் 90. சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர், ஆக்ஸிஸ் அதன் கோணம். பெரிய பவர் கிடையாது. கண் டாக்டர்கள் இதை லேசான கிட்டப்பார்வை என்பார்கள். கிட்டப்பார்வை என்றதும் கிட்டத்தில் இருப்பது தெரியாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், என் அம்மாவே இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். அது நேர் எதிர். கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்குவது வெள்ளெழுத்து, பழைய ஆட்கள் சாளேசரம் என்பார்கள், அது வேறு சங்கதி. என் வயதில் இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்து உட்கார்ந்துகொள்வதால்தான் இவ்வளவு குழப்பம் வருகிறது.

முதல் கண்ணாடி கல்லூரி இரண்டாம் வருடத்தில். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு வரும் பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாமல் தோழியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள்தான் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்தாள். மைனஸ் 1.00. மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. அதுவரை மரம் என்றால் பச்சையாக ஒரு குவியல். அந்த நாளிலிருந்து தூங்கும் நேரம் தவிர எல்லா நேரமும் கண்ணாடிதான். சமைக்க, படிக்க, கோலம் போட, ஊசியில் நூல் கோர்க்க, எல்லாவற்றுக்கும் அதே ஒன்று. இருபதுகளில் அது ஒரு தொந்தரவும் தரவில்லை, ஏனென்றால் அந்த வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கேட்டபடியெல்லாம் வளைந்து கொடுக்கும்.

தொந்தரவு ஆரம்பித்தது 38-ல். பழைய கண்ணாடி கீறல் விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனேன். மெஷினுக்குள் ஒரு பலூன் படத்தைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு சீட்டு வெளியே வந்தது, அதை வைத்துப் பத்து நிமிடத்தில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.25 என்று எழுதிவிட்டார்கள். மாட்டியதும் எழுத்தெல்லாம் கறுப்பாக, பளிச்சென்று, கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. ரொம்ப நல்ல கண்ணாடி என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அப்புறம் மூன்று வாரம் தினமும் மாலை நான்கு மணிக்கு மேல் புருவத்துக்கு நடுவில் வலி. சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்தேன். டீயைக் குறைத்தேன். இரண்டு புத்தகத்தில் பிழைகளை விட்டுவிட்டேன், அதில் ஒன்று அட்டைப்படத்தில் வந்த பிழை, அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

கடைசியில் ஒரு வயதான ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம், அதாவது கண் பவர் பரிசோதிப்பவரிடம், போனேன். மெஷின் சீட்டை அவர் வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிரையல் ஃப்ரேமை மாட்டி ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது நல்லா இருக்கா, இல்ல இதுவா? தெளிவா இருக்கறது வேற, கறுப்பா இருக்கறது வேற, பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார். அப்புறம் பாதி சிவப்பு, பாதி பச்சையாக ஒரு பலகை. 2.25 போட்டபோது பச்சைப் பக்கத்து எழுத்துதான் அழுத்தமாகத் தெரிந்தது. "பச்சை எடுப்பா இருந்தா மைனஸ் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்று வலது கண்ணுக்கு 1.75 வரை இறக்கினார், இரண்டு பக்கமும் சமமானது. கடைசி வரியை அப்போதும் படிக்க முடிந்தது. அதாவது மீதி அரை பவர் எனக்குத் தேவையே இல்லை, அந்த அரையை ஈடுகட்ட என் கண் நாள் முழுக்கத் தசையை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மெஷினுக்குள் எட்டிப் பார்க்கும்போது கண் தானாகவே கிட்டத்தில் பார்ப்பதுபோல் இறுகிக்கொள்ளும், அதனால் மைனஸ் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்றார். மெஷின் சொல்வது ஒரு ஆரம்பப்புள்ளி. அதற்கு மேல் ஒரு மனுஷன் உட்கார்ந்து லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் தயவுசெய்து கண்ணாடி செய்யக் கொடுக்காதீர்கள்.

தலைவலி போனது. ஆனால் 42 வயதில் வேறு ஒன்று வந்தது. காலையில் கம்ப்யூட்டரில் வேலை செய்துவிட்டு மதியம் அச்சுப்படியை எடுத்தால் முதல் ஐந்து நிமிடம் எழுத்து நிலைக்கு வர மறுக்கும், சாயங்காலம் போனில் வரும் செய்தியைக் கையை நீட்டிப் படிப்பேன். திரும்ப அதே ஆளிடம் போனேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எவ்வளவு தூரத்துல வச்சு வேலை பார்க்கிறீங்க?"

தெரியாது சார் என்றேன். வீட்டுக்குப் போய் அளந்துகொண்டு வரச் சொன்னார். அப்படி வெளியே வந்ததுதான் இந்த டேப்.

அளந்தேன். கம்ப்யூட்டர் திரை 62 செ.மீ. அச்சுப்படி 40. போன் 30. தைக்கும்போது 35. சமையல் மேடையில் நறுக்கும் பலகை 55. டி.வி. கிட்டத்தட்ட 3 மீட்டர். ஒரு நாளில் எட்டு மணி நேரம் 40-க்கும் 62-க்கும் நடுவிலேயே என் கண் வாழ்கிறது, ஆனால் மாட்டியிருக்கும் கண்ணாடி பஸ் பலகைக்காகச் செய்தது. இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது சத்தியமாகக் கோபம் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

இதில் இருக்கும் கணக்கு ரொம்ப எளிது, ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கண்ணாடி பவரின் அலகு டயாப்டர். 1872-ல் மோனோயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் வைத்த பெயர் அது. நூறை உங்கள் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் கண் தளர்வாக இருக்கும்போது எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். மைனஸ் 1.00 என்றால் 100 செ.மீ., அதாவது ஒரு மீட்டர். மைனஸ் 2.00 என்றால் 50. மைனஸ் 0.50 என்றால் இரண்டு மீட்டர். என் வலது கண்ணுக்கு 57. அதற்கு உள்ளே இருப்பதைப் பார்க்கக் கண் கொஞ்சம் முயற்சி எடுத்தால் போதும், அதற்கு வெளியே இருப்பதை என்ன முயற்சி எடுத்தாலும் கண்ணாடி இல்லாமல் தெளிவாக்க முடியாது.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கசக்காமல், சுருக்காமல். பேப்பரின் வரி விளம்பரப் பக்கத்தைக் கிட்டத்தில் பிடித்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள், எழுத்தின் ஓரம் கரைய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு வலது கண்ணில் 59 வந்தது. நூறை 59-ஆல் வகுத்தால் 1.69. சீட்டில் இருப்பது 1.75. சிலிண்டர் இருக்கும் கண்ணில் இவ்வளவு சுத்தமாக வராது. இது பரிசோதனைக்குப் பதில் கிடையாது, ஆனால் அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் எண் ஒரு நீளத்தைத்தான் சொல்கிறது என்று என் மண்டையில் ஏறியது இந்த அளவுக்குப் பிறகுதான்.

இனி அடுத்த பாதி. முழு பவர் கண்ணாடி மாட்டியதும் மைனஸ் ஆள் சாதாரணக் கண் உள்ளவர் மாதிரி ஆகிவிடுகிறார். தூரம் தெளிவு. ஆனால் கிட்டத்தில் பார்க்க, சாதாரணக் கண் எடுக்கும் அதே முழு முயற்சியையும் எடுத்தாக வேண்டும். நூறைத் தூரத்தால் வகுத்தால் அந்த முயற்சியின் அளவு வரும். 62 செ.மீ. திரைக்கு 1.6 டயாப்டர். 40 செ.மீ. காகிதத்துக்கு 2.5. போனுக்கு 3.3. என் வயதில் கண்ணுக்குள் மொத்தக் கையிருப்பே சுமார் 4 முதல் 5 வரைதான், அதிலும் பாதிக்கு மேல் தொடர்ந்து செலவழித்தால் அசதி வந்துவிடும். கணக்கைப் பாருங்கள், முழுக் கண்ணாடியோடு அச்சுப்படியைப் படித்தபோது வசதியாகச் செலவழிக்கக்கூடிய அந்தப் பாதியை நான் தினமும் கடைசிக் காசு வரை செலவழித்துக்கொண்டிருந்தேன். அதே கண்ணாடியைக் கழற்றிவிட்டால்? 2.5-ல் என் சொந்தக் கண்ணே 1.75 கொடுத்துவிடுகிறது, மீதி 0.75 மட்டும் போட்டால் போதும்.

லேசான மைனஸ் உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் இது ஒரு வரம், உண்மையாகவே. அந்த வயதில் மற்றவர்கள் படிக்கப் பிளஸ் கண்ணாடி வாங்கும்போது நாம் கழற்றினால் போதும். கழற்றினால் பவர் ஏறிவிடும் என்று பயந்து இருபது வருடம் நான் கழற்றவே இல்லை. பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதாலோ மாட்டுவதாலோ கண் கெடாது.

சரி, அப்படியானால் கம்ப்யூட்டருக்கும் கழற்றிவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வலது கண்ணுக்குத் திரை கிட்டத்தட்ட எல்லையில் வந்து நின்றது, நாற்காலியில் சாய்ந்தால் மங்கியது, அதனால் என்னை அறியாமல் முன்னால் குனிந்து கழுத்து வலி வந்தது. இடது கண்ணில் சிலிண்டர் தன் வேலையைக் காட்டியது. என் சிலிண்டர் இருக்கும் கோணத்துக்கு, மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் பக்கவாட்டில் தடித்துத் தெரியும். தமிழ் எழுத்தில் அது எங்கே அடிக்கும் தெரியுமா? ணகரத்திலும் னகரத்திலும். சுழி எத்தனை என்று எண்ண வேண்டிய இடத்தில் இரண்டு கோடு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். 'மனம்' 'மணம்' ஆகிவிட்டதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பே, அங்கே போய்ச் சந்தேகம் வந்தால் எப்படி? புள்ளிகளும் அப்படித்தான், மெய்யெழுத்தின் புள்ளி சற்று அகலமாகிப் பக்கவாட்டில் இழுபட்டுவிடும்.

அதனால் கம்ப்யூட்டருக்கு என்று தனியாக ஒன்று செய்துகொண்டேன். கணக்கு இது: முழு பவரிலிருந்து இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு, 1.25 குறைத்தோம். வலது மைனஸ் 0.50. இடது மைனஸ் 0.25, ஆனால் சிலிண்டர் அப்படியே மைனஸ் 0.50, ஆக்ஸிஸ் 90. சிலிண்டரைத் தொடவே இல்லை, அதை யாரும் தூரத்துக்கு ஒன்று கிட்டத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டியதில்லை. 1.25 குறைத்தால் என்ன ஆகிறது? நூறை 1.25-ஆல் வகுத்தால் 80. கண் முழுத் தளர்வில் இருக்கும்போது 80 செ.மீ. வரை தெளிவு. திரை 62-ல், அதற்குக் கால் பவருக்குச் சற்று மேல் முயற்சி போதும். கையிருப்பில் பாதி, அதாவது 2 டயாப்டர், வசதியாகச் செலவழிக்கலாம் என்றால் உள்ளே 31 செ.மீ. வரை வரலாம். 31-லிருந்து 80 வரை, என் மேஜை முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டது. திரை, அச்சுப்படி, அகராதி, டீ டம்ளர் எல்லாம்.

ஏன் 1.50 குறைக்கவில்லை என்று கேட்கலாம். டிரையல் ஃப்ரேமில் போட்டுப் பார்த்தேன், அதற்குள் எல்லை 67-க்கு வந்துவிட்டது, சாய்ந்து உட்கார இடம் இல்லை. 1.00 குறைத்தால் எல்லை ஒரு மீட்டர், ஆனால் சாயங்காலம் காகிதம் சிரமமாக இருந்தது. கால் கால் பவராக மாற்றி, என் அச்சுப்படியையே கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்து நிமிடம் அந்தக் கனமான இரும்பு ஃப்ரேமோடு உட்கார்ந்து படித்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

செய்யக் கொடுத்த கடையில்தான் ஒரு பாடு பட வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், பவர் தப்பா எழுதியிருக்காங்க, குறையாது" என்றான். மானிட்டருக்கு என்று விளக்கினேன். அப்படியானால் புளூ ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். வேண்டாம் என்றேன். நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் கண் அசதியைக் குறைக்கிறதா என்று பல பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2023-ல் வந்தது, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் அதில் சொல்லியிருக்கிறார்கள். திரை முன்னால் உட்காரும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்கு அது பெரிய காரணம், அதற்கு லென்ஸில் மருந்து இல்லை. அந்தக் காசைப் பிரதிபலிப்பு குறைக்கும் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். மெல்லிய லென்ஸ் என்று 1.67 இண்டெக்ஸையும் காட்டினான், இந்தச் சின்னப் பவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது, சாதாரண சி.ஆர். 39 பிளாஸ்டிக் லென்ஸே போதும். குழந்தைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் மட்டும் பாலிகார்பனேட், அது அடிபட்டாலும் எளிதில் உடையாது.

இன்று என் நாள் இப்படி ஓடுகிறது. வெளியே போனால், ஸ்கூட்டர் எடுத்தால், கச்சேரிக்கோ சினிமாவுக்கோ போனால் முழு பவர், கறுப்பு ஃப்ரேம். மேஜையில் உட்கார்ந்தால் பழுப்பு ஃப்ரேம். போன், தையல், கட்டிலில் படிப்பது, சமையல் எல்லாம் வெறும் கண். டி.வி.க்குக் கறுப்பு. மார்கழியில் குனிந்து புள்ளி வைக்கும்போது வெறும் கண்ணே போதும், நிமிர்ந்து நின்று கோலம் கோணலா என்று பார்க்க மட்டும் கண்ணாடி வேண்டும். மைனஸ் 1.25-ல் வீட்டுக்குள் நடமாட மூன்றாவதாக ஒன்று செய்யலாமா என்று யோசித்தேன். தேவையில்லை. இரண்டுக்கு மேல் போனால் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

பழுப்பு ஃப்ரேம் மேஜையை விட்டு நகரக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. செய்த புதிதில் ஒரு நாள் அதை மாட்டியபடியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தி நேரம். எதிரே வரும் வண்டி தெரிகிறது, ரோடு தெரிகிறது, அதனால் கண்ணாடி மாறியது உறைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் வண்ணம் தேய்ந்த வேகத்தடையை நான் பார்க்கவே இல்லை, வண்டி தூக்கிப் போட்டதில் பக்கத்தில் சைக்கிளில் போன பையன் மேல் சாய இருந்தேன். அவன் கால் ஊன்றி நின்று என்னைப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1.25 குறைவு என்பது தெருவில் சின்ன விஷயம் இல்லை. எல்.எல்.ஆர். விண்ணப்பத்தோடு நாம் கையெழுத்துப் போட்டுத் தரும் உடல்தகுதிப் படிவத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் வண்டியின் நம்பர் பிளேட் கண்ணுக்குத் தெரிகிறதா, கண்ணாடி போடுபவராக இருந்தால் கண்ணாடியோடு, என்று கேட்டிருப்பார்கள். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். ஒரு தடவை தெருவில் நின்று எண்ணி 25 மீட்டர் நடந்து பாருங்கள், உங்கள் கண்ணாடியில் அந்த எண் தெரிய வேண்டும். வண்டி ஓட்ட முழு பவர், அதில் கால் பவர்கூடப் பேரம் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

இரவில் மட்டும் பார்வை இன்னும் கொஞ்சம் மங்குகிறது என்பவர்கள் சொல்வது கற்பனை இல்லை. இருட்டில் பாவை விரியும், கண் ஒரு நிலையில் ஊன்றப் பிடிமானம் கிடைக்காமல் தானாகக் கொஞ்சம் கிட்டத்துக்கு வந்துவிடும், அதனால் மைனஸ் சற்றுக் கூடியதுபோல் ஆகும். இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலின் 1789-லேயே, இரவில் வானத்தைப் பார்க்கத் தனக்குப் பகலைவிடக் கொஞ்சம் கூடுதல் குழிலென்ஸ் தேவைப்படுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். சிலருக்கு இரவு வண்டிக்குக் கால் பவர் கூட்டித் தருவார்கள். நான் பரிசோதித்தேன், இருட்டிய பிறகு கடை வாசலில் நின்று கால் பவர் லென்ஸை மேலே வைத்து எதிர்ப் பக்கத்துப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லென்ஸைச் சுத்தமாகத் துடைத்ததில்தான் அதிக வித்தியாசம் தெரிந்தது.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது, பவரும் வயதும் சேர்ந்துதான் பதில் சொல்லும். என் தம்பிக்கு 29 வயது, இரண்டு கண்ணும் மைனஸ் 0.75. "அக்கா, எனக்கும் கம்ப்யூட்டர் கண்ணாடி செய்யணுமா?" என்று கேட்டான். உனக்கு எதற்கு? நூறை 0.75-ஆல் வகுத்தால் 133 செ.மீ., அவனுடைய திரை அதற்கு உள்ளே தாராளமாக இருக்கிறது. பைக்குக்கும் சினிமாவுக்கும் போட்டுக்கொள், மற்ற நேரம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, உன் வயதில் கண்ணுக்குள் கையிருப்பு நிறைய இருக்கிறது என்றேன். வங்கியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு 46 வயது, மைனஸ் 3.00. அவளுக்கு வெறும் கண்ணில் 33 செ.மீ. வரைதான், போன் படிக்கலாம், திரை பார்க்க முடியாது. முழுக் கண்ணாடியில் திரை பார்த்தால் மாலைக்குள் தலைவலி. அவளுக்கு மைனஸ் 1.75-ல் ஒன்று செய்து கொடுத்தார்கள், 80 செ.மீ. வரை எல்லை, இப்போது அதை மாட்டிக்கொண்டுதான் நாள் முழுக்க இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் இன்னொருவர் புரோகிரசிவ் லென்ஸ் போட்டு நன்றாகவே இருக்கிறார், கவுன்ட்டரில் நிமிர்ந்து ஆளைப் பார்க்க வேண்டும், குனிந்து காசோலையைப் பார்க்க வேண்டும், அந்த வேலைக்கு அதுதான் சரி. எனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்தேன், ஏனென்றால் அதில் நடுத்தூரத்துக்கான பகுதி குறுகலாக இருக்கும், அகலமான அச்சுப்படியில் வரி முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குறைந்த பவர் போட்டால் மைனஸ் படிப்படியாகக் குறைந்து கண்ணாடியே இல்லாமல் போய்விடும் என்று வீடியோக்கள் ஓடுகின்றன. நான் குறைத்தது வேலைத் தூரத்துக்கு வசதியாக, அவ்வளவுதான். வளர்ந்தவரின் கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் பந்து முன்பின் நீளத்தில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடியதால் வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை டயாப்டருக்கும் மேல். அந்த நீளம் பயிற்சியால் திரும்பிச் சுருங்குவதில்லை. இரண்டு வருடம் கழித்து நான் பரிசோதித்தபோது என் வலது கண் அதே 1.75-தான்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். என் மகளுக்குப் பதினோரு வயது, போன வருடம் மைனஸ் 1.25 வந்தது. "முழு பவர் போட்டா கண்ணு அதுக்குப் பழகிடும், பாதி போடு" என்று அத்தை ஒருபக்கம், என் சின்ன மாமியார் ஒருபக்கம். அவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இரண்டு வருடம் பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே முக்கால் பவர் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் மைனஸ் அதிகமாக ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை, ஆனாலும் குறைத்துப் போடுவது ஒரு வைத்தியம் என்று நம்பிச் செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை. குழந்தையின் கண் வலுவாக இறுகிக்கொள்ளும் என்பதால் சொட்டு மருந்து விட்டுத் தளர்த்திய பிறகுதான் பவர் பார்க்க வேண்டும், அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். ஏறாமல் இருக்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, தனி வகை லென்ஸ்கள் என்று டாக்டர்கள் சொல்லும் வழிகள் இருக்கின்றன. அதோடு வெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள், மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். ஏற்கெனவே வந்துவிட்டவர்களைவிட இன்னும் வராதவர்களுக்கு இது அதிகம் உதவும் என்கிறார்கள். என் இரண்டாவது பிள்ளைக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்ததும் டியூஷனை நிறுத்திவிட்டுத் தெருவில் விளையாட விடுகிறேன்.

பெரியவர்களிலும் பவர் திடீரென்று மாறினால் கண்ணாடிக் கடைக்கு ஓடக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்த மாதத்தில் டி.வி. மங்குகிறது என்றார், புதுக் கண்ணாடி செய்யப் பார்த்தோம், டாக்டர் தடுத்துவிட்டார். சர்க்கரை கூடினால் கண்ணின் லென்ஸ் மாறிப் பவரும் மாறும், கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துத்தான் அளக்க வேண்டும். பாட்டி 72 வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க ஆரம்பித்தார், முருகன் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று வீடே சந்தோஷப்பட்டது. அது கண்புரையின் ஆரம்பம். புரை முற்றும்போது லென்ஸ் அடர்ந்து மைனஸ் பக்கம் தள்ளும், அதனால் கிட்டப் படிப்பு கொஞ்ச நாளைக்குத் தெளியும். மறு வருடம் ஆபரேஷன் செய்தோம்.

போன வாரம் திரும்ப டேப்பை எடுத்தேன். போன் 30-லிருந்து 34-க்குப் போயிருக்கிறது, வெறும் கண்ணில்தான், அதாவது கையிருப்பு இன்னும் கொஞ்சம் கரைந்திருக்கிறது. புதிதாக வாங்கிய பெரிய மானிட்டரைச் சற்றுத் தள்ளி வைத்ததில் திரை 70-க்குப் போய்விட்டது. 80 வரை எல்லை இருப்பதால் இப்போதைக்கு ஓடும், ஆனால் மாலையில் அச்சுப்படியைப் பழுப்பு ஃப்ரேமில் படிப்பதைவிடக் கழற்றிவிட்டுப் படிக்கவே கண் கேட்கிறது. புதன்கிழமை அந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அளவுகளை ஒரு சீட்டில் எழுதி, ஒரு பக்கம் அச்சுப்படியையும் மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன்.